அழித்ததும் ஒரு செய்திதான்

1927இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட ஒரு கணிதக் கட்டுரையில் பம்பாய் இருக்கிறது. 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை பம்பாய்த் தீவில் பிளேக் நோய்க்குப் பலியானவர்களின் எண்ணிக்கையை வாரவாரியாகப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளின் ஊடே ஒரு கோடு வரைந்திருக்கிறார்கள். கோடு மெல்ல எழும்பி, பதினேழாவது வாரத்தில், அதாவது ஏப்ரல் நடுவில், வாரத்துக்கு 890 சாவுகள் என்ற உச்சியைத் தொட்டு, ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடுகிறது.

வரைந்தவர்கள் இருவர். ஆண்டர்சன் மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்து, பிறகு எடின்பரோவில் ஓர் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர். வில்லியம் கெர்மாக் வேதியியலாளர். 1924இல் ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் 26 வயதில் பார்வையை முழுவதுமாக இழந்தவர். அதற்குப் பிந்தைய அவருடைய கணிதம் எல்லாமே மனத்துக்குள் நடந்தது.

அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருந்த நோய் மும்பையின் வரைபடத்தையே மாற்றியது. 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் வெளிப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடியே காரணம் என்று அன்றைய அரசு நம்பியது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. அகன்ற சாலையும் மரமும் திறந்தவெளியுமாக வடக்கே புதிய குடியிருப்புகளை அது வகுத்தது. மாட்டுங்கா அப்படி வந்த ஊர். பின்னாளில் தென்னிந்தியக் குடும்பங்கள் கோயிலும் பஜனை மடமும் காபிக் கடையுமாக அங்கே வேரூன்றின. அதற்கு மேற்கே, மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவிக்கு, நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்தார்கள். செம்பூரில் தமிழ் ஒலிக்கத் தொடங்கியது இன்னும் பிந்தி.

கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் கேட்ட கேள்வி இது: கொள்ளைநோய் ஏன் நிற்கிறது? நோய் பிடிக்கக்கூடிய எல்லோரையும் பிடித்துத் தீர்த்த பிறகா? இல்லை என்றது அவர்களுடைய கணக்கு. நோய் தாக்காத ஒரு கூட்டம் மீதம் இருக்கும்போதே அது அடங்கிவிடும். நோயாளி ஒருவர் சராசரியாக இரண்டு பேருக்குத் தொற்றவைத்தால், கடைசியில் நூற்றுக்கு இருபது பேர் தப்பியிருப்பார்கள். மூன்று பேருக்குத் தொற்றவைத்தால் தப்புவது ஆறு பேர். நோயுற்றவர் சந்திக்கிற ஆட்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நோய் கண்டவர்களாகிவிடுவதால் தொற்று போக இடமில்லாமல் ஓய்ந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு பம்பாய் பிளேக்குக்குச் சரியாகப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளேக் எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வந்தது; பருவநிலைக்கேற்ப ஏறி இறங்கியது. மனிதச் சாவுகள் எலிகளுக்குள் நடந்த கொள்ளைநோயின் எதிரொலிதான். கட்டுரை ஆசிரியர்களுக்கே அது தெரியும். எல்லோரும் எல்லோரையும் சம வாய்ப்போடு சந்திக்கிறார்கள் என்று சமன்பாடு வைத்துக்கொள்கிறது. எந்த ஊரிலும் மனிதர்கள் அப்படிப் பழகுவதில்லை. ஆனால் அந்த எடுகோள் அப்படியே மெய்யாகும் ஓர் இடம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. அங்கே தொற்ற வேண்டியது கிருமி அல்ல, செய்தி.

தலைமை இல்லாத கணினிப் பிணையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பியர்-டு-பியர் என்று சொல்வது இதைத்தான்: எல்லாக் கணினிகளும் சமம், எதுவும் எதற்கும் எஜமான் இல்லை, ஒரே தரவின் நகல் பலவற்றில் இருக்கிறது. ஒரு நகலில் திருத்தம் நடந்தால் மற்ற நகல்களுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

விளங்குவதற்காக, மும்பையில் ஓர் ஊர்ச் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் பட்டியலின் ஒரு பிரதி தாராவியில், தொண்ணூறு அடிச் சாலையில் குடியிருக்கும் செயலாளரிடம். இன்னொன்று மாட்டுங்காவில் பொருளாளரிடம். மூன்றாவது செம்பூரில் தலைவரிடம். அலுவலகம் கிடையாது. கல்யாணத்திலோ கோயிலிலோ யாராவது இருவர் சந்திக்கும்போது பட்டியல்களை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். மூன்று பிரதிகள் என்றால் தொலைபேசியில் கூப்பிட்டே சொல்லிவிடலாம். முந்நூறு பிரதிகள் என்றால்?

அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம் 1980களில் இதில்தான் மாட்டிக்கொண்டது. கிளியரிங்ஹவுஸ் என்ற பெயரில் அவர்களிடம் ஒரு பெயர்ப் பதிவேடு இருந்தது. எந்தப் பெயருள்ள கணினி, எந்தப் பெயருள்ள ஆள், எந்த முகவரியில் என்று அது சொல்லும். அதன் நகல்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் இருந்தன. திருத்தம் நடந்த உடனே எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். சில அஞ்சல்கள் தொலையும். அதனால் இரவில் நகல்களை ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் மறுபடி எல்லோருக்கும் அஞ்சல் அனுப்புவார்கள். 300 இடங்களில் நகல் உள்ள ஒரு பகுதிக்கு ஒரே இரவில் 90,000 அஞ்சல்கள் கிளம்பக்கூடும் என்ற நிலை வந்தது. பிணையம் திணறியது.

பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் டெமர்ஸும் சக ஆய்வாளர்களும் 1987இல் கண்ட தீர்வு, சொல்லிவிடுவதை நிறுத்திப் பரவவிடுவது. கட்டுரையின் தலைப்பிலேயே கொள்ளைநோய் இருக்கிறது. தொற்றக்கூடியவர், தொற்றியவர், விலகியவர் என்று கணினிகளைப் பிரிக்கும் சொற்களும் நோயியலிலிருந்து எடுத்தவை. செய்தி தெரிந்த ஒவ்வொரு கணினியும் சுற்றுக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு யாரோ ஒருவரைத் தேர்ந்து சொல்லும். கேட்டவரும் அடுத்த சுற்றிலிருந்து சொல்லத் தொடங்குவார். இப்படிச் சொன்னால் பத்து லட்சம் கணினிகளுக்கு ஒரு செய்தி பரவ ஏறத்தாழ 34 சுற்றுகள் போதும். ஒரு கோடி கணினிகள் என்றால் இன்னும் ஆறு சுற்றுகூட ஆகாது. நடுவில் பல கணினிகள் செத்துப்போனாலும் செய்தி வேறு வழியில் போய்ச் சேரும். எந்த ஒரு கணினியையும் நம்பியிராததுதான் இதன் வலிமை.

எப்போது சொல்வதை நிறுத்துவது? இங்கேதான் பம்பாய்க் கணக்கு திரும்ப வருகிறது. “ஏற்கெனவே தெரிந்த ஒருவரிடம் போய்ச் சொல்ல நேர்ந்தால் உடனே நிறுத்திவிடு” என்று விதி வைத்தால், நூற்றுக்கு இருபது கணினிகளுக்குச் செய்தி எட்டாது. “அப்படி நேரும்போது இரண்டுக்கு ஒருமுறை மட்டும் நிறுத்து” என்றால் எட்டாதவை ஆறு. இருபது, ஆறு என்ற அதே எண்கள், ஏனென்றால் அதே சமன்பாடு. 1927இல் தப்பியவர்கள் என்று நிம்மதியோடு எண்ணப்பட்டவர்கள், 1987இல் விடுபட்டவர்கள் என்று கவலையோடு எண்ணப்பட்டார்கள். கணினி தன் கூட்டாளியைப் பகடை போட்டுத் தேர்வதால், மனிதர்களுக்குப் பொருந்தாத எடுகோள் இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

விடுபட்டவர்களைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. சொல்லப் போவதற்குப் பதில் கேட்கப் போவது. பத்து சதவீதம் பேருக்குச் செய்தி தெரியாத கட்டத்தை எண்ணிப் பாருங்கள். தெரிந்தவர்கள் கண்மூடித் தேர்ந்து சொல்லிக்கொண்டே போனால் அடுத்த சுற்றில் 4.1 சதவீதம் மிஞ்சும், அதற்கடுத்து 1.6. ஆனால் தெரியாதவர் ஒவ்வொருவரும் தாமே போய் ஒருவரைக் கேட்டால், அவர் கேட்கும் ஆளும் தெரியாதவராய் இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்புதான். ஆகவே மிஞ்சுவது 1 சதவீதம்; அடுத்த சுற்றில் 0.01. எனவே முதலில் பரப்பிவிட்டு, பிறகு சீரான இடைவெளியில் யாரோ ஒருவரோடு முழுப் பட்டியலையும் ஒப்பிடுவது என்று இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

முழுப் பட்டியலை ஒப்பிடுவது என்றால் எல்லாவற்றையும் வாசித்துக்காட்ட வேண்டியதில்லை. ரால்ஃப் மெர்க்கல் 1979இல் தந்த மரம் அதற்கு உதவுகிறது. ஒவ்வொரு பதிவையும் ஒரு சிறு எண்ணாகச் சுருக்கி, இரண்டிரண்டு எண்களைச் சேர்த்து மறுபடி சுருக்கி, உச்சியில் ஒரே எண் மிஞ்சும்வரை போக வேண்டும். இரண்டு நகல்களின் உச்சி எண்ணும் ஒன்றானால் பேச்சு முடிந்தது. வேறானால் எந்தக் கிளையில் வேறுபாடு என்று பார்த்து இறங்கலாம். பத்து லட்சம் பதிவுகளில் ஒன்று மாறியிருந்தால் இருபது படிகளில் கண்டுபிடித்துவிடலாம்.

வேறுபாடு தெரிந்துவிட்டது. எது புதியது? இதற்கு விடை சொல்லத் தேதி போதும் என்று தோன்றும். 2005 ஜூலை 26ஐ நினைத்துப் பாருங்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி நதி கரை மீறித் தாராவிப் பக்கம் புகுந்தது, ரயில்கள் நின்றன, பல பகுதிகளில் தொலைபேசியும் ஊமையானது. அப்படி ஒரு நாளில் நம் சங்கத்து மூன்று பிரதிகளும் தனித்தனித் தீவுகள். ஓர் உறுப்பினரின் புதிய முகவரியைத் தாராவியில் எழுதிக்கொள்கிறார்கள். அவருடைய புதிய தொலைபேசி எண்ணைச் செம்பூரில் எழுதிக்கொள்கிறார்கள். வெள்ளம் வடிந்து இருவரும் சந்திக்கும்போது, “பிந்தைய தேதி வெல்லும்” என்ற விதிப்படி போனால் ஒரு திருத்தம் குப்பைக்குப் போகும். கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. வேகமாக ஓடும் கடிகாரம் உள்ள கணினியே எப்போதும் வெல்லும்.

லெஸ்லி லாம்போர்ட் 1978இல் காட்டியது போல, இங்கே தேவை மணி அல்ல, எது எதை அறிந்தபின் நடந்தது என்ற வரிசை. அந்தப் பாதையில் பிறந்ததுதான் பதிப்பு எண் வரிசை. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில், தாராவி 4, மாட்டுங்கா 2, செம்பூர் 3 என்று யார் எத்தனை முறை திருத்தினார்கள் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு தாராவிப் பிரதி 5-2-3 என்றும், செம்பூர்ப் பிரதி 4-2-4 என்றும் காட்டும். ஒன்றில் முதல் எண் பெரிது, மற்றதில் கடைசி எண் பெரிது. எதுவும் எதற்கும் பிந்தையதல்ல என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். இரண்டையும் காப்பாற்றி, சேர்த்துக்கொள்ளலாம்.

2007இல் அமேசான் வெளியிட்ட டைனமோ கட்டுரை இந்த யோசனைகளை எல்லாம் ஒரே இடத்தில் கட்டியது: கிசுகிசுவாகப் பரவும் செய்தி, மெர்க்கல் மரம், பதிப்பு எண் வரிசை. எழுதிய ஒன்பது பேரில் அவினாஷ் லக்ஷ்மணும் சுவாமிநாதன் சிவசுப்பிரமணியனும் உண்டு. வாடிக்கையாளர் கூடையில் பொருள் சேர்ப்பது எந்த நிலையிலும் தடைபடக் கூடாது என்பது அவர்களுடைய நோக்கம். ஒரே கூடைக்கு இரண்டு பிரதிகள் உருவாகிவிட்டால் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். சேர்த்த பொருள் ஒருபோதும் காணாமல் போகாது. ஆனால் நீக்கிய பொருள் சில நேரம் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதைக் கட்டுரையே ஒளிக்காமல் சொல்கிறது.

எனக்கு இந்தத் துறை முழுவதிலும் ஆழமான இடமாகத் தோன்றுவது இதுதான். சேர்ப்பது எளிது. பரப்புவதும் எளிது என்று பம்பாய்க் கணக்கே சொல்லிவிட்டது. நீக்குவது கடினம்.

மறுபடி சங்கத்துக்கு வருவோம். உறுப்பினர் ஒருவர் விலகிவிட்டார். மாட்டுங்காப் பொருளாளர் அவர் பெயர் இருந்த வரியை அழித்துவிட்டு, தாராவிச் செயலாளரிடமும் சொல்லி அழிக்கவைக்கிறார். அடுத்த வாரம் செம்பூர்த் தலைவரைச் சந்திக்கிறார். தலைவரின் பிரதியில் அந்தப் பெயர் இருக்கிறது, பொருளாளரின் பிரதியில் இல்லை. ஒப்பிடும்போது என்ன தெரியும்? தலைவரிடம் ஒரு புதிய பெயர் இருப்பது போலவும், பொருளாளர் அதை இன்னும் ஏற்றவில்லை என்பது போலவும்தான் தெரியும். பொருளாளர் அதை ஏற்றிக்கொள்வார். அவரிடமிருந்து தாராவிக்கும் அது போகும். விலகியவர் மூன்று பிரதிகளிலும் மறுபடி உறுப்பினர். வெற்றிடம் தொற்றுவதில்லை, எழுத்துதான் தொற்றும்.

ஆகவே அழிக்கக் கூடாது. “இன்னார் இந்தத் தேதியில் நீக்கப்பட்டார்” என்று எழுத வேண்டும். ஜெராக்ஸ் குழு இதற்கு வைத்த பெயர் இறப்புச் சான்றிதழ். சான்றிதழ் மற்றச் செய்திகளைப் போலவே பிரதிக்குப் பிரதி பரவும். போகிற இடத்தில் பழைய பதிவைக் கண்டால் அதை நீக்கும்.

அடுத்த சிக்கல் உடனே எழுகிறது. சான்றிதழை எத்தனை நாள் வைத்திருப்பது? எப்போதும் வைத்திருந்தால், காலப்போக்கில் இருப்பவர்களைவிட இல்லாதவர்களே பதிவேட்டை நிறைத்துவிடுவார்கள். சீக்கிரம் எறிந்துவிட்டால், நெடுநாள் அணைந்து கிடந்த ஒரு கணினி விழித்தெழுந்து, தன்னிடமுள்ள பழைய பதிவை ஊரெல்லாம் பரப்பிவிடும். ஜெராக்ஸில் 30 நாள் போல ஒரு காலவரம்பு வைத்தார்கள். அதோடு ஓர் அழகான ஏற்பாட்டையும் முன்வைத்தார்கள்: 30 நாள் கழித்தும் ஏதோ சில இடங்களில் மட்டும் சான்றிதழின் பிரதி உறங்கிக் கிடக்கட்டும். பழைய பதிவு எங்கிருந்தோ தலைதூக்கி அந்த இடங்களில் ஒன்றைத் தொட்டால், உறங்கிய சான்றிதழ் எழுந்து மறுபடி எல்லா இடமும் பரவும். ஒருமுறை கண்ட நோயை உடல் நினைவில் வைத்திருந்து, அது திரும்பி வந்தால் எதிர்ப்புப் பொருளைச் சுரப்பதோடு அவர்களே இதை ஒப்பிட்டார்கள்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. விலகியவர் மனம் மாறி, மறுபடி உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால்? தூங்கி எழும் பழைய சான்றிதழ் இன்றைய தேதியோடு கிளம்பினால் அவருடைய புதிய பதிவையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதனால் சான்றிதழில் இரண்டு தேதிகள்: நீக்கம் நடந்த நாள் ஒன்று, சான்றிதழ் விழித்த நாள் ஒன்று. எவ்வளவு நாள் பரவ வேண்டும் என்பதை இரண்டாவது தேதி தீர்மானிக்கும். எதை நீக்கலாம் என்பதை முதல் தேதி தீர்மானிக்கும். மறுபடி சேர்ந்தவரின் பதிவு அந்த முதல் தேதிக்குப் பிந்தையது என்பதால் அது பிழைக்கும்.

ஃபேஸ்புக்கில் லக்ஷ்மணும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கி 2008இல் பொதுவில் வெளிவந்த கசாண்ட்ரா தரவுத்தளத்தில் இந்தச் சான்றிதழின் பெயர் கல்லறைக்கல். யாரும் மாற்றாவிட்டால் அதன் ஆயுள் 8,64,000 நொடி, அதாவது பத்து நாள். பத்து நாளுக்கு மேல் அணைந்திருந்த கணினியை அப்படியே திரும்பச் சேர்த்தால் அழித்த தரவு உயிர்த்தெழும். அதனால் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. 2011இல் மார்க் ஷாபிரோவும் உடன் ஆய்வாளர்களும் முறைப்படுத்திய, எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே முடிவு தரும் தரவு வடிவங்களும் நீக்கத்தின் சுவட்டை எங்கோ ஓரிடத்தில் சுமந்தே ஆகவேண்டும். சுமையைக் குறைக்க முடிந்திருக்கிறதே தவிர, இறக்கிவைக்க முடிந்ததில்லை.

இப்படி மெல்ல மெல்ல ஒத்துப்போவது எல்லா இடத்துக்கும் ஆகாது. தாராவிக்கு எதிரே, மித்திக்கு அக்கரையில் பாந்திரா குர்லா வளாகத்தில் இருக்கும் தேசியப் பங்குச் சந்தையில் 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40க்கு வணிகம் நின்றது. முதன்மை நிலையத்துக்கும் அருகிலுள்ள மாற்று நிலையத்துக்கும் இடையே போகும் தொலைத்தொடர்பு இணைப்புகள், வழியில் நடந்த தோண்டல் வேலையால் அறுபட்டுத் தடுமாறின. அதன் தொடர்ச்சியாகச் சேமிப்பு அமைப்பு கைகொடுக்காமல் போக, ஆபத்து மேலாண்மைக் கணினிகள் செயலிழந்தன. மாலை 3.45க்குத்தான் சந்தை மறுபடி திறந்தது. 5 மணி வரை வணிகம் நீட்டிக்கப்பட்டது. பங்கை வாங்குபவரின் பணயத் தொகையைக் கணக்குப் பார்க்க முடியாதபோது, தவறான கணக்கோடு ஓடுவதைவிட நின்றுவிடுவதே சரி. பிணையம் துண்டானால் ஒத்திசைவு, ஓயாத சேவை இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று எரிக் புரூவர் 2000இல் சொன்னதை, 2002இல் கில்பர்ட்டும் லின்ச்சும் நிரூபித்தார்கள். கூடை நிற்கக் கூடாது. சந்தை தவறு செய்யக் கூடாது. எதற்கு எது என்று முன்கூட்டியே முடிவெடுக்காத அமைப்பு, நெருக்கடி நேரத்தில் தானாக ஏதோ ஒன்றைத் தேர்ந்துவிடும்.

தொற்றுப் பரவலின் இன்னொரு முகத்தை 2008 ஜூலை 20 காட்டியது. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் சர்வர்கள் தங்கள் நலத்தை ஒன்றுக்கொன்று கிசுகிசுவாகச் சொல்லிக்கொள்ளும். அன்று சில செய்திகளில் ஒரே ஒரு பிட் புரண்டுவிட்டது. செய்தி வாசிக்கும்படிதான் இருந்தது, சொன்ன விஷயம் மட்டும் தவறு. வாடிக்கையாளரின் தரவுக்குச் சரிபார்ப்பு எண் உண்டு; இந்த உள்பேச்சுக்கு இல்லை. தவறான செய்தி சர்வர் சர்வராகத் தொற்றியது. ஒவ்வொன்றும் மற்றதிடம் அதையே சொல்ல, கிட்டத்தட்ட எல்லா நேரமும் அந்தப் பேச்சிலேயே கழிந்து, உண்மையான வேலை முடங்கியது. ஓரிடத்தில் திருத்தினால் பக்கத்திலிருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். கடைசியில் சர்வர்களுக்கு இடையிலான பேச்சையே மொத்தமாக நிறுத்தி, அவை நினைவில் வைத்திருந்த நிலையை எல்லாம் துடைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார்கள். சேவை முழுதாகத் திரும்ப எட்டு மணி நேரம் ஆனது. அதன்பின் இந்த உள்பேச்சுக்கும் சரிபார்ப்பு எண் சேர்த்து, பொருந்தாத செய்தியை ஒதுக்கும்படி செய்தார்கள்.

அங்கே புரண்டது ஒரு பிட். யாரும் பொய் சொல்லவில்லை. அத்தனை சர்வர்களும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். யார் வேண்டுமானாலும் வந்து சேரக்கூடிய பிணையத்தில் ஒருவர் வேண்டுமென்றே பொய்யைப் பரப்பலாம், மற்றவர் பெயரில் இறப்புச் சான்றிதழ் எழுதலாம், சரிபார்ப்பு எண்ணையும் அதற்கேற்பத் தாமே கணக்கிட்டு ஒட்டலாம். அங்கே ஒவ்வொரு செய்தியிலும் எழுதியவரின் மறையீட்டுக் கையொப்பம் இருந்தாக வேண்டும். கையொப்பம் இருந்தும், ஒருவரே இருவரிடம் இரு வேறு செய்திகளைச் சொல்லலாம். லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982இல் தளபதிகளின் கதையாக எழுதிய அந்தச் சிக்கலை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்கிறேன்.